பெரிய சில்லு போட முன்னர்

லண்டனுக்கு வந்து, வேலையும் வாடகை வீடும் ஓரளவு ஒழுங்கான பிறகு எங்கள் ஆட்கள் செய்கிற அடுத்த காரியம் ஒரு வாகனம் வாங்குவதுதான். குடும்பத்துக்குக் கார் வாங்குவோர் ஒருபுறம். தொழிற்சாலைச் சம்பளம் போதாமல் சனி, ஞாயிறில் நாலு காசு உழைக்க வானோ பிக்கப்போ வாங்குவோர் மறுபுறம். நாங்கள் இரண்டாவது வகை.

பார்க் றோயலில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ற் செய்கிற நால்வர் நாங்கள். நால்வரும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். யுத்தம் எங்களை விடவைத்தது என்றாலும் சரி. சீட்டுப் பிடித்த காசில் நால்வரும் சேர்ந்து ஒரு ரொயோற்றா ஹைலக்ஸ் பிக்கப் வாங்கினோம். வீடு மாறும் சனத்தின் சாமான் ஏற்றுவோம், தோட்டம் துப்புரவாக்கும் வேலைக்கும் போவோம். பழைய டீசல் வண்டி மலிவாக வந்தது, ஆனால் 2023 ஓகஸ்ற் 29 முதல் லண்டன் முழுவதுக்கும் புகைக்கட்டணம் வந்துவிட்டதால், யூறோ 6 தரத்துக்குக் குறைந்த டீசல் வண்டியை எடுத்தால் ஓடுகிற ஒவ்வொரு நாளும் 12 பவுண் 50 பென்ஸ் கட்டவேண்டும். ஆகவே கொஞ்சம் கூடக் கொடுத்து யூறோ 6 வண்டியே எடுத்தோம். வாங்க இருப்பவர்கள் முதலில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சில்லு விஷயத்துக்கு வருகிறோம்.

வண்டியின் ரயர்கள் தேய்ந்து மாற்றவேண்டிய நிலை வந்தபோது, எங்களில் இளையவர் ஒரு செய்தியோடு வந்தார். யாரோ ஒருவர் நான்கு பெரிய சில்லுகளை ரயரோடு விற்கிறாராம். கறுப்பு றிம், தடித்த பூவுள்ள ரயர். 280 பவுண்.

"அண்ணை, புது ரயர் நாலு வாங்கிற காசில பாதியும் வராது. போட்டா வண்டி என்ன வடிவாய் நிற்கும் தெரியுமே? மழை நேரம் தோட்டத்துக்கை இறக்கினாலும் புதையாது."

எங்களில் மூத்தவர் ஊரில் உழவு இயந்திரம் திருத்தியவர். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "தம்பி, ஸ்ரேறிங்கை முழுக்க ஒடிச்சா எங்கை முட்டும்?"

இந்தக் கேள்விக்கு மறுமொழி தேடி நாங்கள் அறிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். ஏனென்றால் இதே ஆசையோடு வேறும் பல தம்பிமார் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்குப் போனால் வாகனத் தரிப்பிடத்தில் அவர்களின் வண்டிகளைப் பார்க்கலாம்.

எங்கள் தலைமுறைக்கு இதில் ஒரு பழக்கதோஷமும் உண்டு. 2006 ஓகஸ்ற்றில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது வன்னியில் நாங்கள் 16, 17 வயதுப் பெடியள். கிடைத்த ரயர்தான் பொருந்தும் ரயர். மட்காட்டில் உரசினால் சுத்தியலால் அடித்து நெளிப்பார்கள்; அதுவும் காணாவிட்டால் வாளால் அறுத்து எறிவார்கள். வெடித்த ரயருக்குள் இன்னொரு ரயர்த் துண்டை வைத்துப் போல்ற் போட்டு இறுக்கி ஓடியதையும் கண்டிருக்கிறோம். கிரவல் ரோட்டில், குழிக்குள் விழுந்து எழும்பி, ஆள் ஓடுகிற வேகத்தில் போகிற வண்டிக்கு அது சரிவந்தது. அந்தக் கைப்பழக்கத்தை எம்-25 பாதையில் 70 மைல் வேகத்துக்குக் கொண்டுவர முடியாது.

ரயரின் பக்கவாட்டில் இலக்கங்கள் இருக்கும். எங்கள் வண்டியில் 265/65 ஆர் 17 என்று இருந்தது. முதல் எண் ரயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, ரயரின் சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது. ஆர் என்பது ரயருக்குள் நூல் போகும் முறை. கடைசி எண் றிம்மின் விட்டம், அங்குலத்தில். 265இல் 65 வீதம் 172 மில்லிமீற்றர். மேலும் கீழுமாக இரண்டு சுவர், நடுவில் 17 அங்குல றிம், அதாவது 432 மில்லிமீற்றர். எல்லாம் கூட்டினால் சில்லின் முழு உயரம் ஏறக்குறைய 776 மில்லிமீற்றர்.

தம்பி பார்த்த சில்லு 285/70 ஆர் 17. அதே கணக்குப் போட்டால் 831 வருகிறது. உயரத்தில் 55 மில்லிமீற்றர் கூட, அதாவது நடு அச்சிலிருந்து சுற்றிவர எல்லாப் பக்கமும் 27 மில்லிமீற்றர் பெருக்கும். ஓர் அங்குலத்துக்கும் மேல். இவை இரண்டுக்கும் இடையில் 265/70 ஆர் 17 என்ற அளவும் உண்டு. அதன் உயரம் 803, சுற்றிவர 13 மில்லிமீற்றர்தான் கூட. இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் தேநீர் இடைவேளைக்குள் போட்டு முடிக்கலாம். நாங்கள் அப்படித்தான் போட்டோம், பெட்டி மட்டையின் பின்பக்கத்தில்.

வண்டி நேராக நிற்கும்போது சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் கை நுழைகிற இடம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் "இடம் கிடக்குத்தானே" என்கிறார்கள். முன்சில்லு அப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை. ஸ்ரேறிங்கை ஒடிக்கும்போது சில்லின் முன்விளிம்பு ஒரு பக்கமும் பின்விளிம்பு மறுபக்கமும் வீசும். பாரம் ஏற்றினால் ஸ்பிறிங் அமர்ந்து சில்லு மேலே ஏறும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இன்னும் ஏறும். லண்டன் தெருக்களில் வேகத்தடைக்குக் குறைவில்லை. ஒடுங்கிய தெருவில் பின்னுக்கு எடுத்து நிறுத்தாத நாளும் இல்லை. முழு ஒடிப்பு, முழுப் பாரம், முழு அமுக்கம் மூன்றும் ஒன்றாக வருகிற அந்த ஒரு கணத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

முன்சில்லுக்குப் பின்னால், கதவுக்குக் கீழே, வண்டியின் கூடு சட்டத்தில் பொருத்தப்பட்ட இரும்புத் தாங்கி ஒன்று இருக்கிறது. இந்த வகைப் பிக்கப்புகளில் பெரிய ரயர் முதலில் போய் முட்டுவது பெரும்பாலும் அங்கேதான். அடுத்தது மட்காட்டின் உட்புறப் பிளாஸ்ரிக், முன்பம்பரின் மூலை, சில்லுக்குப் பின்னால் தொங்கும் இறப்பர்த் தட்டு. பிளாஸ்ரிக்கில் உரசினால் சத்தம் வரும், திருத்தலாம். உட்பக்கத்தில் பிறேக் ஹோஸில் உரசினால் சத்தம் வராது.

இதை நாங்கள் கண்ணால் கண்டோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தவர் வேறொரு வாகனத்தின் சில்லுகளை மலிவாக வாங்கித் தங்கள் வண்டிக்குப் போட்டிருந்தார்கள். நட்டுத் துளைகள் பொருந்தின, அதோடு சரி என்று விட்டுவிட்டார்கள். ஒரு பின்னேரம் பிள்ளைகள் மூவரையும் ஏற்றிக்கொண்டு ஓர் இறக்கத்தில் வரும்போது பிறேக் மிதி மெத்தென்று உள்ளே போய்விட்டது. கை பிறேக்கை இழுத்துத் தெருவோர வேலியோடு அணைத்து நிறுத்தினார். ஒருவருக்கும் காயமில்லை. பிறகு கழற்றிய அந்த ஹோஸை எங்களுக்குக் காட்டினார். வெளி இறப்பர் முழுவதும் தேய்ந்து, உள்ளிருக்கும் நூல் வெளியே வந்து, அதுவும் ஓரிடத்தில் அறுந்திருந்தது. இடதுபக்கம் முழுக்க ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் சில்லின் உள்விளிம்பு அதைத் தடவிக்கொண்டு போயிருக்கிறது. அவர் மனைவி இன்றைக்கும் அந்தத் தெருவால் வருவதில்லை, சுற்றித்தான் வருவார்.

அந்தச் சில்லு ஏன் உள்ளே போனது? சில்லின் முதுகில் ஈ.ரி. என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். சில்லு அச்சில் ஒட்டும் முகம், சில்லின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதை அது சொல்லும். எண் கூடினால் சில்லு உள்ளே போகும். குறைந்தால் வெளியே வரும். எங்கள் சில்லில் 30. தம்பி பார்த்ததில் 10. அப்படியானால் அது 20 மில்லிமீற்றர் வெளியே வரும். ரயர் அகலம் வேறு பக்கத்துக்குப் 10 கூட. மொத்தம் 30 மில்லிமீற்றர் வெளியே. ஹோஸுக்கு ஆபத்தில்லை, ஆனால் ஒடிக்கும்போது வீச்சு பெரிதாகும், சில்லு மட்காட்டுக்கு வெளியே துருத்தும். இங்கே சட்டப்படி மட்காட் சில்லை மூடவேண்டும். வருடாந்த எம்.ஓ.ரி. சோதனையில் ரயர் வண்டியின் ஏதாவது பாகத்தில் உரசினால் சித்தியில்லை.

"அப்ப வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினால்?" என்றார் தம்பி. அதற்கான ஸ்பிறிங் தொகுதிகள் விற்கிறார்கள். உயர்த்தினால் வண்டி நிற்கும்போது இடம் கூடும், உண்மை. ஆனால் குழியில் விழுந்து ஸ்பிறிங் முழுக்க அமரும்போது சில்லு பழைய இடத்துக்கே போய்விடும். அமுக்கத்தை நிறுத்தும் இறப்பர்க் கட்டையையும் நீட்டினால்தான் பயன். உயர்த்திய பிறகு சில்லின் நேர்கோடு பார்க்கவேண்டும், முன்விளக்கை இறக்கவேண்டும்; இல்லாவிட்டால் எதிரே வருபவருக்குக் கண் கூசும். செலவு 280 பவுணில் நிற்காது.

நாங்கள் செய்த சோதனை இதுதான். மூத்தவரின் வீடு ஹரோவில். அவரது வீட்டு முற்றத்தில் ஒரு ஞாயிறு காலை 13 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு பலகைத் துண்டும், 27இல் ஒன்றும் சீவி எடுத்தோம். வண்டியில் பத்து அரிசி மூட்டை, முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்கள். ஒரு முன்சில்லையும் அதற்கு மூலைவிட்டமான பின்சில்லையும் மரக்கட்டை மேல் ஏற்றினோம். அப்போது அந்தப் பக்கத்து ஸ்பிறிங் நன்றாக அமரும். வண்டி அசையாதபடி மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்தோம். ஸ்ரேறிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்து, பழைய ரயருக்கும் சுற்றியுள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் இடையில் பலகைத் துண்டை விட்டுப் பார்த்தோம். பிறகு வலப்பக்கம். பிறகு கட்டையை மாற்றி மறுசில்லு. கையை விடாமல் பலகையை மட்டும் நீட்டுங்கள். ஜாக்கியில் நிற்கிற வண்டிக்குக் கீழே தலையை விடவே வேண்டாம்.

13 மில்லிமீற்றர்த் துண்டு எல்லா இடத்திலும் போய் வந்தது, பின்னாலுள்ள இறப்பர்த் தட்டின் மூலையைத் தவிர. 27 துண்டு அந்த இரும்புத் தாங்கியில் இரண்டு பக்கமும் சிக்கியது. சில்லு 30 மில்லிமீற்றர் வெளியே வருவதையும் சேர்த்தால் பம்பர் மூலையும் போகும். தம்பிதான் பலகையைப் பிடித்திருந்தவர். அவரே பார்த்ததால் வாக்குவாதம் வரவில்லை.

இந்த வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போது மூத்தவர் ஒரு கதை சொன்னார். அவர் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில், ஹரோ மலையில், குறோவ் ஹில் என்ற இறக்கம் இருக்கிறது. அங்கே ஒரு தகடு பதித்திருக்கிறார்கள்; எச்சரிக்கையாயிருங்கள் என்ற பொருளில் தொடங்குகிறது. 1899 பெப்ரவரி 25ஆம் திகதி, எட்வின் சூவெல் என்ற 31 வயதுக்காரர், டெய்ம்லர் வண்டியொன்றை விற்பனைக்காக ஓட்டிக் காட்டிக்கொண்டு அந்த இறக்கத்தில் வந்தார். பிறேக் பிடித்தபோது பின்சில்லின் ஆரங்கள் முறிந்து சில்லு நொறுங்கியது. அவர் இறந்துபோனார், வண்டியைப் பார்க்க வந்திருந்த மேஜர் றிச்சரும் சில நாட்களில் இறந்தார். பிரித்தானியாவில் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒருவர் விபத்தில் இறந்ததாகப் பதிவான முதல் சம்பவம் அது. ஹரோவில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த மலையில் நடந்து போகிறவர்கள் தகட்டைப் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ரயருக்கான இறப்பரும் எங்கள் தீவுக்கு லண்டன் வழியாகத்தான் வந்தது. 1876இல் பிரேசிலில் இருந்து கொண்டுவந்த விதைகளைக் கியூ தாவரத் தோட்டத்தில் முளைக்கவைத்து, கன்றுகளில் பெரும்பகுதியை இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் நட்டார்கள். பிள்ளைகளைக் கியூவுக்குக் கூட்டிப்போகிறவர்கள் இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

சில்லு உரசாவிட்டாலும் கடதாசியில் உரசுகிற இடங்கள் உண்டு. புதிதாக வந்தவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். ஊர்ச் சாரதிப்பத்திரத்தை வைத்து இங்கே குடியிருக்க வந்ததிலிருந்து 12 மாதம் ஓடலாம். இலங்கைப் பத்திரத்தை இங்கே மாற்றித் தரமாட்டார்கள். திரும்பச் சோதனை எழுதி, ஓடிக் காட்டிச் சித்தியடைய வேண்டும். சித்தியடைந்த முதல் இரண்டு வருடத்தில் ஆறு தண்டப்புள்ளி சேர்ந்தால் பத்திரம் பறிபோகும். மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பழுதான ரயர் ஒன்றுக்கு மூன்று புள்ளி, 2,500 பவுண் வரை தண்டம். ரயர்ப் பூவின் ஆழம் நடு முக்கால் பங்கு அகலத்தில், சுற்றிவர, 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. உரசி உரசிச் சுவரில் நூல் தெரிந்தாலும் அது பழுதான ரயர்தான். இரண்டு முன்ரயரும் அப்படியானால் ஆறு புள்ளி அங்கேயே முடிந்தது. எங்கள் நால்வரில் இருவருக்கு இன்னும் அந்த இரண்டு வருடம் முடியவில்லை. இரவு இரண்டு மணிக்கு ஷிப்ற் முடிந்தால் பஸ்ஸுக்கு நிற்கிற குளிரை நினைத்துப்பாருங்கள்.

காப்புறுதிக் கம்பனிக்கு, சில்லின் அளவு மாறினால் போடமுன் அறிவிக்கவேண்டும். அறிவிக்காமல் போட்டு விபத்து நேர்ந்தால் நட்டஈட்டைக் குறைக்கவோ, ஒப்பந்தமே செல்லாது என்று சொல்லவோ அவர்களுக்கு இடம் கிடைக்கும். காப்புறுதி இல்லாத வண்டியைப் பொலிஸ் பறிமுதல் செய்யலாம். 300 பவுணும் ஆறு புள்ளியும் கிடைக்கும். கூலிக்குச் சாமான் ஏற்றுகிறவர்களுக்குச் சாதாரணக் காப்புறுதி போதாது, அதையும் கேட்டுப் போடுங்கள். ஆங்கிலம் கஷ்டம் என்றால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். சில்லு பெரிதானால் ஒரு சுற்றில் கூடத் தூரம் ஓடும். மானிக்கு அது தெரியாது. 285 ரயரில் 30 என்று காட்டும்போது 32க்கு மேல் ஓடுவதாகக் கணக்கு வருகிறது. 265/70இல் 31. மானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது இங்குள்ள சட்டம். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே மானிகள் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அதனால் சிறு மாற்றம் சமாளிக்கும். என்றாலும் கைத்தொலைபேசியின் வழிகாட்டியை வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். லண்டனில் 20 மைல் தெருக்களும் கமராக்களும் எத்தனை என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியில் நாங்கள் பழைய றிம்மையே வைத்துக்கொண்டு 265/70 ரயர் நான்கு புதிதாக வாங்கினோம். ரயரில் அளவுக்குப் பிறகு வரும் எண் தாங்கும் பாரத்தைக் குறிக்கும். 112 என்றால் ஒரு சில்லுக்கு 1,120 கிலோ. பழையதைவிட அது குறையாமல் பார்த்து எடுத்தோம். காப்புறுதிக் கம்பனி 38 பவுண் கூட்டிக் கேட்டது. கொடுத்தோம். பூட்டிய அன்றே சில்லின் தோள்பட்டையில் சுற்றிவர வெண்கட்டி பூசி, பாரத்தோடு தெருவைச் சுற்றி, முற்றத்தில் பின்னுக்கு எடுத்து ஒடித்துப் பார்த்தோம். இறப்பர்த் தட்டின் மூலையில் மட்டும் வெள்ளை பட்டிருந்தது. அந்த மூலையை வளைத்துப் புதுக் கிளிப் போட்டு இறுக்கினோம். வேறெங்கும் வெள்ளை இல்லை.

50 மைல் ஓடியபின் நட்டுகளைத் திரும்ப இறுக்கினோம். ஆறில் ஒன்று சற்று இளகியிருந்தது. வேறு றிம் போடுகிறவர்கள் நட்டின் முகத்தையும் பாருங்கள். கூம்பு முகமுள்ள நட்டு வேறு, தட்டை முகமுள்ளது வேறு. மாறிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

தம்பி அந்தக் கறுப்பு றிம்மை மறக்கவில்லை. அது வேறு யாருக்கோ விலைப்பட்டுவிட்டது. 27 மில்லிமீற்றர்ப் பலகைத் துண்டை மட்டும் அவர் எறியவிடாமல் வண்டியின் மேசைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறார். வேறு யாராவது பெரிய சில்லு போடப்போகிறேன் என்றால் எடுத்து நீட்டுகிறார்.